‘வெரி’: மெய் மிகையான வரலாறு

பிறர் எழுத்திற் பிழை காண்பது எளிது. தன் எழுத்திற் கண்ட பிழையைப் பலரறியச் சொல்வது அரிது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர் கட்டுரைகளைச் சிவப்பு மையால் திருத்திவரும் எனக்கு, என் எழுத்தையும் ஒருவர் திருத்த நேரும் என்ற எண்ணம் நெடுநாள் எழுந்ததில்லை. அவ்வெண்ணத்தை எழுப்பியது, நம் ஓரெழுத்தொருமொழி போல ஒலிக்கும் ஓர் ஆங்கிலச் சொல். அதனையும், அதற்குப் பதிலாக யான் எழுதியிருக்கவேண்டிய ‘வெரி’ என்ற சொல்லையும் பற்றி வாசகரோடு சிறிது உரையாடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நற்சான்றுப் பத்திரம்

2012ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இது. எம் கல்லூரியிலே கற்றுத் தேறிய மாணவன் ஒருவன், தலைநகரிலுள்ள ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் இலிகிதர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பும் வந்துவிட்டது. தனக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவரிடமிருந்து ஆங்கிலத்தில் நற்சான்றுப் பத்திரம் கொண்டுவரல் வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. ஆங்கில ஆசிரியர் அன்று விடுமுறையில் இருந்தமையால் மாணவன் என்னிடம் வந்தான்.

“ஐயா, நீங்கள் நாலு வரி எழுதித் தந்தாற் காணும். இரவு பஸ்ஸுக்குப் போகோணும்” என்றான்.

யான் பண்டித பரீட்சைக்குப் படித்தவன். ஆங்கிலம் அகராதியின் துணையின்றி என்னோடு பேசாது. ஆயினும் மறுக்க மனம் வரவில்லை. அவனை யான் நன்கறிவேன். தந்தையை இழந்தவன், தாய் பிறர் வெங்காயத் தோட்டங்களிற் கூலிவேலை செய்து அவனைப் படிப்பித்தாள். கல்லூரி நூல்நிலையத்தின் திறப்பு இரண்டு ஆண்டுகள் அவன் கையில் இருந்தது. அக்காலத்தில் நூல் ஒன்றேனும் காணாமற் போனதில்லை. பிந்திக் கொடுப்போரிடம் பெற்ற தண்டப் பணத்தில் ஒரு சதமேனும் குறைந்ததில்லை.

அகராதியை விரித்துவைத்து எழுதத் தொடங்கினேன். மிகவும் கீழ்ப்படிவுள்ளவன் என்பதற்கு ‘வெரி’ இட்டேன். மிகவும் உழைப்பாளி என்பதற்கும் ‘வெரி’ இட்டேன். மூன்றாவதாக, மிகவும் நேர்மையானவன் என்று எழுதவேண்டிய இடத்தில் என் பேனை தயங்கியது. ஒரே சொல்லை மூன்றாம் முறையும் எழுதுவதா? நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ‘கூறியது கூறல்’ ஒன்று என வகுப்பிலே இடித்துரைப்பவன் யான். அகராதியிலே ‘மிக’ என்பதற்கு எதிரே, ‘வெரி’க்கு அயலில், ‘டூ’ என்றொரு சொல்லும் நின்றது. சொல்லழகு கருதி அதனை எடுத்து நேர்மைக்கு முன்னே இட்டேன். கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, வாழ்த்தி அனுப்பினேன்.

ஒரு மாதங் கழித்து அவன் வந்தான். நெடுநேரம் பிற செய்திகளையே பேசிக்கொண்டிருந்தான். ஈற்றிலே யானே கேட்டபின் தலைகவிழ்ந்தபடி சொன்னான்:

“ஐயா, குறை நினையாதையுங்கோ. கடிதத்திலை ‘டூ’ எண்டு ஒரு சொல்லுப் போட்டிருந்தியள். அது ‘வேண்டியதுக்கு மேலை’ எண்ட கருத்தாம். ‘நீ அளவுக்கு மிஞ்சின நேர்மைக்காரன் எண்டு உன்ரை வாத்தியார் எழுதியிருக்கிறார், அப்பிடிப்பட்ட ஆளை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது?’ எண்டு கேட்டுச் சிரிச்சினம்.”

அவ்வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. என் சொல்லொன்றே அதற்குக் காரணம் என்று கூறமாட்டேன். அவனிலும் கணக்கு வல்லோர் அங்கே வந்திருத்தல் கூடும். ஆயினும், தான் ஈட்டிவைத்திருந்த ஒரே செல்வத்தைக் குறித்து நால்வர் நகைக்க அவன் நின்றான்; அந்நகைப்புக்கு முதல் கொடுத்தவன் யான். அன்றிரவே அவ்விரு சொற்களையும் ஆராயத் தொடங்கினேன்.

அளவும் எல்லையும்

முதலில் யான் கற்றது, ‘வெரி’ அளவைக் கூறும், ‘டூ’ எல்லை கடந்தமையைக் கூறும் என்பது. தேநீர் ‘வெரி’ சூடாயிருக்கிறது என்று ஆங்கிலேயன் சொன்னால், அவன் ஊதி ஊதிக் குடிக்கப்போகிறான் என்று கொள்ளலாம். ‘டூ’ சூடாயிருக்கிறது என்றால், கோப்பையைக் கீழே வைத்துவிட்டான் என்பது பொருள். ‘வெரி’ சொன்னதோடு முடிந்துவிடும். ‘டூ’ முடியாது. அதன் பின்னால் ஒரு காரியத் தடை, சொல்லப்பட்டோ சொல்லப்படாமலோ, நின்றுகொண்டிருக்கும்.

இவ்வேறுபாட்டைத் தமிழர் அறியாதவரல்லர். ‘சுடச்சுட’ என்கின்றோம், ‘குடிக்க ஏலாத சூடு’ என்றும் சொல்கின்றோம். ஆனால் இரண்டாவது கருத்துக்குத் தனிச்சொல் ஒன்றை நாம் வைத்திருக்கவில்லை. ‘அளவுக்கு மிஞ்சிய’ என்றோ, ‘ஏலாத’ என்றோ விரித்தே கூறுகின்றோம். ‘மிக’ என்ற நம் சொல்லோ இருபுறமும் செல்லும். மிகுதலே எல்லை கடத்தலுமாகும். ‘மிகை’ என்பது குற்றத்தையும் உணர்த்தும். ஆகையால் நம் மாணவர் அகராதியைப் பார்த்து ‘மிக’வுக்கு ‘டூ’ இடுவது இயல்பாக நிகழக்கூடிய பிழையே. மாணவர் என்றேன், பண்டிதரையும் சேர்த்துக்கொள்க.

உபசார மொழியில் இவ்வெல்லை சிறிது நெகிழும். உதவி பெற்றவர், தாங்கள் ‘டூ’ அன்புடையவர் என்று சொல்லுவதுண்டு. என் தகுதிக்கு மேற்பட்ட அன்பு என்பது அங்கே குறிப்பு. மிகை என்ற குற்றத்தை ஏற்பவர் தம் தகுதியிலே ஏற்றிக்கொள்வதால் அது மரியாதையாகின்றது. ஒரு வேலைக்கு அனுப்பும் சான்றிலே அந்நயம் செல்லாது.

மெய்யிலே பிறந்தது

‘டூ’ என்பதன் செய்தி இவ்வளவே. ‘வெரி’யின் வரலாறோ என்னைப் பல நாள் தன்பால் இழுத்துவைத்தது.

இச்சொல் பிறப்பால் ஆங்கிலமன்று. இலத்தீனிலே ‘வேருஸ்’ என்றால் உண்மையானது என்று பொருள். அவ்வேரிலிருந்து பழைய பிரெஞ்சு மொழியில் ‘வெராய்’ என்ற சொல் கிளைத்தது. 1066ஆம் ஆண்டிலே நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அதன்பின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஆட்சி செய்தது. காலப்போக்கில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்திலே குடியேறின. ‘வெராய்’ அவற்றுள் ஒன்று. அதன் உடன்பிறந்தார் பலர் தம் பழம்பொருளை விடாமல் இன்றும் அங்கே வாழ்கின்றனர். மெய்யா என ஆராய்தலைக் குறிக்கும் ‘வெரிஃபை’ ஒன்று. யூரிமார் கூறும் தீர்ப்பாகிய ‘வெர்டிக்ட்’ மற்றொன்று. மெய்யாக மொழிந்தது என்பதே அதன் சொற்பொருள்.

14ஆம் நூற்றாண்டின் இறுதியிலே சோசர் என்னும் கவிஞர் ‘கன்ரபரிக் கதைகள்’ என்ற நூலை இயற்றினார். யாத்திரை செல்வோரை அறிமுகஞ் செய்யும் அதன் முகவுரைப் பகுதியிலே ஒரு வீரனைப் புகழும்போது இச்சொல்லைப் பெய்தார். ‘மிக’ என்று பொருள் கொண்டு அவ்விடத்தைப் படிப்போர் கவிஞரின் கருத்தை இழப்பர். ‘மெய்யான வீரன், போலியல்லாதவன்’ என்பதே அங்கே கருத்து. சோசர் காலத்தில் இச்சொல் பொருளின் தன்மையைக் கூறியது, அளவைக் கூறவில்லை.

பின்னர் என்ன நிகழ்ந்தது? ‘மெய்யாகவே நல்லவன்’ என்று ஒருவன் சொல்கிறான். கேட்பவன் அதிலே இரண்டு செய்திகளைக் காண்கிறான்: சொல்பவன் பொய் சொல்லவில்லை என்பது ஒன்று, நன்மை குறைவின்றி இருக்கின்றது என்பது மற்றொன்று. நாளடைவில் முதற்செய்தி மங்கி இரண்டாவதே நிலைத்தது. 15ஆம் நூற்றாண்டிலே இம்மாற்றம் வெளிப்பட்டது. 16ஆம் நூற்றாண்டிலே மிகுதிப்பொருள் வேரூன்றிவிட்டது. சத்தியஞ் செய்ய வந்த சொல், அளவுகோலாக நின்றுவிட்டது.

பழம்பொருளின் எச்சம் ஒன்று இன்றும் உண்டு. பெயர்ச்சொல்லின் முன்னே ‘த வெரி’ என்று வரும்போது ‘மிக’ என்ற பொருள் பொருந்தாது. ‘த வெரி மேன்’ என்றால் ‘அம்மனிதனே’ என்பது பொருள். ‘த வெரி டே’ என்றால் ‘அன்றே’. நம் இலக்கணத்திலே இவ்வேகாரம் பிரிநிலை, தேற்றம் முதலிய பொருள்களில் வரும் என்பர். தேற்றமாவது தெளிவு, ஐயமின்மை. ஆங்கிலேயர் ‘மெய்’ என்ற சொல்லால் உணர்த்துவதை நாம் ஓர் ஏகாரத்தால் உணர்த்துகின்றோம்.

முன்னிருந்தோரும் பின்வந்தோரும்

‘வெரி’ வருமுன் ஆங்கிலேயர் மிகுதியை எச்சொல்லாற் கூறினர்? பழைய ஆங்கிலத்திலே ‘ஸ்வீதெ’ என்ற சொல் அப்பணியைச் செய்தது. அதன் அடிப்பொருள் வலிமை. இதை அறிந்தபோது என்னை அறியாமலே சிரித்தேன். யாழ்ப்பாணத்துப் பேச்சிலே “அவன் வலு கெட்டிக்காரன்”, “வலு திறம்” என்று நாள்தோறும் கேட்கின்றோமல்லவா? வலிமையைக் கூறும் சொல்லையே நாமும் மிகுதிக்கு வைத்தோம். ஆங்கிலேயரின் ‘வலு’ மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன, நம்முடையது வாழ்கின்றது.

அடுத்து ‘ஃபுல்’. நிறைவு என்று பொருள்படும் இச்சொல்லைச் சோசர் மிகுதிப்பொருளில் நிரம்ப வழங்கினார். நம்மவர் ‘நிரம்ப’ என்றதே ‘ரொம்ப’ என்று திரிந்தது. வேறொரு சொல் ‘சோர்’. நோவு, புண் என்பன அதன் பொருள். 1611ஆம் ஆண்டிலே வெளியான ஆங்கில வேதாகமத்தில், அச்சத்தின் மிகுதியைக் கூற அச்சொல்லே வருகின்றது. அதன் இனமாகிய ‘ஸேர்’ என்பதே ஜெர்மன் மொழியில் ‘மிக’ என்பதற்கு இன்றும் வழங்குஞ் சொல். ஜெர்மானியர் ஒருவர் நன்றி கூறும்போது அதில் ஒரு பழம்புண்ணின் பெயர் ஒளிந்திருப்பதை அவரே நினைப்பதில்லை. பிரெஞ்சுக்காரரின் ‘த்ரே’யோ, கடந்து என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வடமொழி ‘அதி’யும் அத்தகையதே, நம் ‘கழி’ என்ற உரிச்சொல்லும் அவ்வழியது.

‘ரைட்’ என்ற சொல் நேர், சரி எனப் பொருள்படும். அதுவும் ஒருகால் ஆங்கிலத்திலே மிகுதியைக் கூறியது. அவ்வழக்கின் சுவடு பட்டப்பெயர்களிலே எஞ்சியுள்ளது. அங்கிலிக்கன் திருச்சபையில் குருவானவர் ‘ரெவரண்ட்’. தலைமைப் பேராலயத் தலைவராகிய டீன் ‘வெரி ரெவரண்ட்’. ஆயர் ‘ரைட் ரெவரண்ட்’. பேராயர் ‘மோஸ்ட் ரெவரண்ட்’. மெய், நேர், மீமிகை என்ற மூன்று சொற்கள் மூன்று படிகளாக ஏறிநிற்கின்றன.

இனி, “சரியான வெயில்”, “சரியாய்க் களைச்சுப் போனன்” என்று நாம் பேசுவதை நோக்குக. வெயிலிலே சரியும் பிழையும் உண்டா? ‘சரி’ என்பது இங்கே ‘மிக’ ஆகிவிட்டது. நம் அயலவராகிய சிங்கள மக்களும் சரி என்று பொருள்படும் ‘ஹரி’ என்ற சொல்லை மிகுதிப்பொருளில் வழங்குகின்றனர். ‘ஹரி லஸ்ஸனய்’ என்றால் மிக அழகு. இலத்தீனிலிருந்து புறப்பட்டு இலண்டனை அடைந்த ‘வெரி’யும், நம் முற்றத்திலே விளைந்த ‘சரியான’ என்பதும் ஒரே வழியில் நடந்தவை. எவ்வினத்தாராயினும், தாம் சொல்வதைப் பிறர் நம்பவேண்டும் என்ற தவிப்பு மக்களுக்கு ஒன்றே போலும்.

அச்சமும் இவ்வாறே அளவாகின்றது. ‘ஓஃபுலி’ என்றால் பேரச்சம் தோன்றும்படி. ‘டெரிப்லி’ என்றால் நடுங்கும்படி. 19ஆம் நூற்றாண்டு முதல் இவை வெறும் மிகுதிச்சொற்களாக வழங்குவதாயின. நடுங்கும்படி அழகிய தொப்பி என்று சொல்வதில் ஆங்கிலச் சீமாட்டிக்கு நாணமில்லை. ‘பயங்கர அழகு’ என்று நம் இளைஞர் சொல்லும்போது யான் கடிந்துகொள்வதுண்டு. கடிந்துகொண்ட பின்னரே ‘கடி’ என்ற சொல் நினைவுக்கு வந்தது. தொல்காப்பியர் உரியியலிலே அவ்வொரு சொல்லுக்குப் பத்துப் பொருள் கூறினார். மிகுதி, அச்சம், கூர்மை, விரைவு என்பன அவற்றுட் சில. ‘முன்தேற்று’ என்பதும் ஒன்று. தெய்வம் முதலியவற்றின் முன்னின்று சூளுரைத்துத் தெளிவித்தல் என்று உரைகாரர் விளக்குவர். மிகுதியும் அச்சமும் சத்தியமும் ஒரே சொல்லில் உறைகின்றன என்பதை அவர் கண்டிருக்கின்றார். யான் இளைஞரைக் கடிவதைக் குறைத்துக்கொண்டேன்.

இடமறிந்து வழங்கல்

மாணவர் பயன் கருதி இச்சொல்லின் வழக்கைச் சில வரிகளிற் கூறுவேன்.

‘வெரி’ பண்பைக் கூறும் சொல்லோடும், வினையின் தன்மையை உணர்த்தும் சொல்லோடும் சேரும். வினையோடு நேரே சேராது. தமிழிலே ‘மிக நல்லவன்’ என்றும் சொல்லலாம், ‘மிக விரும்பினேன்’ என்றும் சொல்லலாம். அவ்வழக்கத்தால் நம் பிள்ளைகள் ‘ஐ வெரி லைக்’ என்று எழுதிவிடுகின்றனர். வினைக்கு ‘வெரி மச்’ என்று இரண்டு சொல் வேண்டும். அதுவும் வினைக்கும் செயப்படுபொருளுக்கும் பின்னே நிற்றல் பெரும்பான்மை.

ஒப்பிட்டுக் கூறும் சொல்லோடு ‘வெரி’ இசையாது. ‘வெரி பெட்டர்’ என்பது வழு. ‘மச் பெட்டர்’ என்பதே வழக்கு. எல்லாவற்றிலும் மேலானது என்னும்போது ‘த வெரி பெஸ்ட்’ என்று மீண்டும் வந்து சேரும். அங்கே அது நம் ஏகாரத்தின் வேலையைச் செய்கின்றது.

கூடுதல் குறைதல் இல்லாத பண்புகளுக்கு இதனை இடலாகாது. ஒன்றேயானது என்று பொருள்படும் ‘யூனிக்’ என்பதன் முன் ‘வெரி’ இடுவதை நல்லாசிரியர் ஏற்பதில்லை. ஒன்றிலே மிக ஒன்று ஏது?

எதிர்மறையோடு சேரும்போது ஒரு நுட்பம் உண்டு. ஒரு நூலைப் பற்றி ‘நொட் வெரி குட்’ என்று ஆங்கிலேயர் எழுதினால், மிக நன்றன்று, ஓரளவு நன்று என்று எண்ணி மகிழற்க. நன்றாக இல்லை என்பதையே அவர் மென்மையாகச் சொல்லியிருக்கின்றார். நம் ‘அவ்வளவு திறமில்லை’ என்பது அதற்கு நேர்.

தேயும் நாணயம்

இவ்வளவும் கற்றபின் ஒரு வினா எஞ்சியது. ஒரு மொழிக்கு ஏன் இத்தனை மிகுதிச்சொற்கள்? ஒன்று போதாதா?

போதாது. கைமாறக் கைமாற நாணயத்தின் முகம் தேய்வதுபோல, மிகுதிச்சொல்லும் வழங்க வழங்கத் தேய்கின்றது. எல்லாவற்றுக்கும் ‘வெரி’ இட்டபின் ‘வெரி’க்குப் பெறுமதி இல்லை. ஆகவே மக்கள் ‘ரியலி’ என்று மீண்டும் மெய்யையே தேடி ஓடுகின்றனர். அதுவும் தேய்ந்தது. பின் எழுத்துப் பிசகாமல் என்று பொருள்படும் ‘லிட்டரலி’யைப் பிடித்தனர். சிரித்துச் சிரித்து ‘லிட்டரலி’ செத்துப்போனேன் என்று உயிரோடு இருப்பவர் சொல்கின்றார். அவ்வழக்கை ஆங்கிலப் பேரகராதிகளும் பதிவு செய்துவிட்டன. உண்மை என்று பொருள்படும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, உண்மையல்லாதவற்றுக்குச் செலவிட்டுத் தீர்த்தல் என்பதே இவ்வரலாற்றின் சுருக்கம்.

நம் மொழியிலும் அதுவே. தொல்காப்பியர் மிகுதிப்பொருளுக்கெனத் தனியே எடுத்துச் சொன்ன உரிச்சொற்கள் மூன்று. பின்வந்த பவணந்தியார் ‘சால’, ‘கூர்’, ‘கழி’ என்பவற்றையும் சேர்த்து ஆறாக்கினார். அவற்றுள் ‘தவ’வையும் ‘நனி’யையும் இன்று யார் பேசுகின்றனர்? ‘கூர்’ என்பது ‘அன்புகூர்ந்து’ என்று கடிதங்களிலும், ‘உறு’ என்பது ‘உறுதுணை’ என்ற சொல்லிலும் ஒதுங்கி வாழ்கின்றன. அவை விட்ட இடத்தை ‘மிக’ பிடித்தது. அது போதாதென்று ‘மிக மிக’ என்று அடுக்கினோம். வாழ்த்துமடல்களையும் இரங்கலுரைகளையும் எடுத்துப் பாருங்கள். எல்லோரும் பெருமதிப்புக்குரியவர், எல்லாம் ஈடிணையற்றவை. ஊரிலே உண்மையாகவே ஈடிணையற்ற ஒருவர் மறைந்தால், அவருக்குச் சொல்ல நம்மிடம் ஒரு சொல்லும் மீந்திருப்பதில்லை.

1959ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் வெளிவந்த ‘எலிமென்ட்ஸ் ஒஃப் ஸ்டைல்’ என்ற உரைநடைக் கைந்நூல் ஆங்கிலம் கற்போரிடையே பெயர்பெற்றது. ஸ்ட்ரங்க் என்ற பேராசிரியர் முன்னர் எழுதிய சிறு நூலை அவர்தம் மாணவராகிய வைட் விரித்தெழுதியது அது. ‘வெரி’ முதலிய சிறு சொற்களை அது அட்டைகளுக்கு ஒப்பிடுகின்றது. அவை தாம் பற்றிய சொல்லின் குருதியை உறிஞ்சிவிடும் என்பது கருத்து. பண்புச்சொல்லுக்கு வலுவூட்டவே அதனை இடுகின்றோம்; அது வந்தபின் பண்புச்சொல் மெலிந்துவிடுகின்றது.

இதைப் படித்தபோது என் பத்திரம் கண்முன் வந்தது. யான் ‘டூ’ என்று எழுதியது வழு. அதற்குப் பதிலாக ‘வெரி’ என்றே எழுதியிருந்தால் வழுவில்லை. ஆனால் பயனும் இல்லை. அவ்வறையிலே மேசைமேல் இருந்த நற்சான்றுகள் பலவற்றிலும் மாணவர் எல்லோரும் ‘வெரி’ நேர்மையானவராகவே இருந்திருப்பர். இவன் நேர்மையானவன் என்பதற்கு என்னிடம் இருந்த சான்று வேறு. அதை யான் எழுதவேயில்லை. திறப்பையும் தண்டப் பணத்தையும் பற்றி ஒரு வரியும் அப்பத்திரத்தில் இல்லை. அறிந்த உண்மையை உள்ளே வைத்துக்கொண்டு, உண்மையின் பெயர் தாங்கிய தேய்ந்த சொல்லைத் தேடி அகராதியிலே அலைந்திருக்கின்றேன். இலக்கணப் பிழையினும் பெரிய பிழை இதுவே என்று உணர்ந்தேன்.

இரண்டாவது பத்திரம்

அடுத்த ஆண்டு அவன் மீண்டும் வந்தான். இம்முறை அயலூர்க் கூட்டுறவுக் கடையொன்றிலே பண்டசாலைப் பொறுப்பாளருக்கு உதவியாளர் வேலை. தமிழிலேயே எழுதியிருக்கலாம், எனினும் அவன் ஆங்கிலத்திலும் ஒன்று வேண்டும் என்றான்.

“பயமில்லையோ?” என்று கேட்டேன்.

“நீங்கள்தான் எழுதோணும் ஐயா” என்றான்.

நான்கு வாக்கியங்கள் எழுதினேன். இவனை நான்கு ஆண்டுகள் அறிவேன். நூல்நிலையத் திறப்பும் தண்டப் பணமும் இரண்டு ஆண்டுகள் இவன் பொறுப்பில் இருந்தன. நூலோ பணமோ குறையவில்லை. இவன் நேர்மையானவன். இவ்வளவே. ஆங்கில ஆசிரியரிடம் காட்டினேன். அவர் ஒரு காற்புள்ளியை மட்டும் சேர்த்துவிட்டு, “இன்னும் இரண்டு வரி புகழ்ந்து எழுதலாமே பண்டிதர்?” என்றார். வேண்டா என்றேன்.

அக்கடையின் முகாமையாளர் பத்திரத்தை ஒருமுறை படித்துவிட்டு மடித்துவைத்தாராம்.

“திறப்பு ரண்டு வருஷமும் உம்மட்டைத்தான் இருந்ததோ?”

“ஓம் ஐயா.”

“அப்ப திங்கட்கிழமை வாரும்.”

வேறு கேள்வி கேட்கவில்லை என்று அவன் வந்து சொன்னான்.

அன்று தொட்டு என் வகுப்பிலே ஒரு வழக்கம் உண்டு. கட்டுரை எழுதி முடித்ததும் மாணவர் தாமே மிகுதிச்சொற்களின் கீழே கோடிடுதல் வேண்டும். ஒவ்வொன்றையும் நீக்கிப் படிக்கவேண்டும். நீக்கியபின் கருத்துக் குன்றினால் அச்சொல் இருக்கட்டும், குன்றாவிட்டால் போகட்டும். கருத்துப் போதாது என்று தோன்றினால் இன்னொரு மிகுதிச்சொல்லைத் தேடாமல், தாம் கண்ட ஒன்றை எழுதவேண்டும். ‘மிகவும் வறியவர்’ என்று எழுதிய பிள்ளை, கோட்டை நீக்கிவிட்டு, ‘விளக்குக்கு எண்ணெய் வாங்கும் நாளிற் சீனி வாங்கமாட்டார்’ என்று எழுதிக்கொண்டு வந்தது. அப்பிள்ளைக்கு யான் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

‘வெரி’ என்ற சொல்லிலே எனக்குப் பகையில்லை. அளவு கூறவேண்டிய இடத்திலே அளவு கூறத்தான் வேண்டும்; கடும் வெயிலை வெயில் என்று மட்டும் சொல்லி விடமுடியாது. அதனை எழுதும்போதெல்லாம் அதன் பிறந்த வீட்டை ஒருகணம் நினைத்துக்கொள்வேன். மெய்யாகவா என்று அது என்னைக் கேட்கும். ஆம் என்று சொல்ல முடிந்தால் எழுதுவேன்.

அம்மாணவன் இன்று அப்பண்டசாலைக்குப் பொறுப்பாளனாயிருக்கின்றான். அவனைப் பற்றி விரித்துரைக்க எனக்கு விருப்பந்தான். எனினும் ஒரு வரியோடு நிறுத்துகின்றேன். அவன் நேர்மையானவன்.